பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்

அடுத்த திங்கட்கிழமை மைத்துனன் வருகிறான் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன தடவையும் நாலு நாள் என்றுதான் வந்தான். நாலு மாதம் இருந்தான். படுக்கை எது தெரியுமா? என் வெட்டு மேஜை. நானோ தையல்காரன். மேஜையில் ஆள் படுத்திருந்தால் துணியை எங்கே விரிப்பது? அவன் முதுகின் மேலேயே விரித்து ரெண்டு சட்டை வெட்டினேன். அப்போதும் அவன் புரண்டு படுக்கவில்லை.

"வர வேண்டாம்னு சொல்லிடேன்" என்றேன் மனைவியிடம்.

"சொல்றேனே. ஞாயித்துக்கிழமை என்கூட எழுத்து ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா அந்த நிமிஷமே போன் போட்டுடறேன்."

"தோத்துட்டா?"

"மேஜையைத் துடைச்சு வைங்க."

எழுத்து ஆட்டம் என்பது ஆங்கில எழுத்து போட்ட வில்லைகளை அட்டையில் அடுக்கி வார்த்தை சேர்ப்பது. அர்த்தமும் சொல்ல வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம். தினம் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாவோடு ஆடுவாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷின் மிதிப்பேன். காதில் விழுந்ததோடு சரி, எட்டிப் பார்த்தது கிடையாது. ஏ முதல் இசட் வரை மட்டும் எனக்குத் தெரியும், பில்லில் பெயர் எழுத வேண்டாமா?

மாடியில் குடியிருப்பவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவரிடம் ஓடினேன்.

"தம்பி, நீங்கதான் காப்பாத்தணும். நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் குடுங்க."

"குட்டை வார்த்தையெல்லாம் எதுக்குண்ணே? பன்னண்டு எழுத்து, பதினாறு எழுத்துன்னே தர்றேன்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. துணி மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம். பற்றாமல் போனால்தானே வம்பு?

ஒரு வாரம் தூக்கம் போச்சு. 'இன்காம்ப்ரிஹென்சிபிள்', தலையும் புரியாது வாலும் புரியாது என்று அர்த்தம். 'ஹைப்போகாண்ட்ரியாக்', நோயே இல்லாமல் நோய் நோய் என்று நடுங்குகிறவன். அதற்கு அர்த்தம் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை, கண்ணாடியைப் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் அளவு டேப்பின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அளவு கொடுக்க வந்த ஒருவரின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, "ப்ரோக்ராஸ்டினேஷன்" என்றேன்.

"போன வருஷம் முப்பத்தெட்டா இருந்துச்சே" என்றார் அவர், கவலையோடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவி துணிப்பையை நீட்டினாள்.

"ஏழு வில்லை எடுங்க."

"ஏழா?"

"ஏழுதான்."

"மீதி ஒம்பது?"

"எந்த ஒம்பது?"

பதினாறு எழுத்து வார்த்தையைத் தலையில் சுமந்துகொண்டு, கையில் ஏழு வில்லையோடு உட்கார்ந்திருந்தேன். இன்காம்ப்ரிஹென்சிபிளில் முதல் ரெண்டு எழுத்துதான் தேறியது. வைத்தேன்.

"இன். உள்ளேன்னு அர்த்தம்."

"ஆமாமா, நாளைக்குக் காலைல உள்ளே வந்துடுவான்" என்றபடி அவளும் ரெண்டே எழுத்து வைத்தாள். "ஆக்ஸ். மாடு. அந்த எக்ஸுக்கு மார்க் ஜாஸ்தி."

அப்புறம் மூன்றெழுத்து, நாலெழுத்து என்று நண்டும் சிண்டுமாக அடுக்கிக்கொண்டே போனாள். ஆட்டம் முடிந்தபோது அவளுக்கு இருநூற்று எழுபது. எனக்கு முப்பத்தொன்று. துடைக்கிற துணியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

துணியும் கையுமாக மாடிக்கு ஏறினேன்.

"ஏன் தம்பி, கையில ஏழு வில்லைதான் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சொல்ல வந்தேண்ணே. அண்ணிதான், 'அவர் உங்ககிட்டதான் வருவார், பன்னண்டு எழுத்துக்குக் கீழே ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க'ன்னு முன்னாடியே சொல்லி வெச்சாங்க. அதுக்காகத்தானே உங்க கையால இந்தச் சட்டையைத் தைச்சு வாங்கிக் குடுத்தாங்க?"

பார்த்தேன். யாருக்கென்று சொல்லாமல், அளவை மட்டும் கொடுத்துப் போன வாரம் அவள் என்னைத் தைக்கச் சொன்ன சட்டை. தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.