மாமனார் வண்டிக்கு நான் தைத்த ஏர் ஃபில்டர்

மாமனார் வீட்டுக்குப் போனால் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். காபி கொடுத்தால் குடிக்கணும், டி.வி. போட்டால் பார்க்கணும், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகணும். இந்த எளிய வித்தை தெரிந்த மருமகன்களுக்குப் பெரிய சேதாரம் எதுவும் வருவதில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது.

நான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழந்தைகளுக்கான கவுன்தான் எங்கள் சரக்கு. துணி மாதிரி எதைப் பார்த்தாலும் அது எனக்குத் தெரிந்த சமாச்சாரம் என்ற நினைப்பு அப்போது இருந்தது. (இந்த நினைப்புக்கு மருந்து கிடையாது. பட்டால்தான் போகும்.)

என் மனைவி ஜெசிந்தா அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பு எழுதிய தடவையெல்லாம் ஹாலில் உட்கார்ந்ததும் கை நடுங்கி, தெரிந்த பதிலும் மறந்து, அழுதுகொண்டே வெளியே வந்தவள். இந்தத் தடவையும் போய்விட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு எங்கள் கம்பெனியிலேயே பட்டன் கட்ட வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில்பட்டியில். கடம்பூர் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பா வீட்டிலிருந்து போனால் கிட்ட என்று சனிக்கிழமையே போய்விட்டோம்.

அவள் உள்ளே படித்தாள். நான் வெளியே மாமாவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். பழைய வண்டி. ஆனால் மாமா அதைத் தினமும் துடைத்து, தன் பிள்ளைகளுக்கும் மேலாக வைத்திருந்தார். நாளைக்கு அதில்தான் போகப் போகிறோம், ஒரு பார்வை பார்த்து வைப்போமே என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஏர் ஃபில்டர். மடிப்பு மடிப்பாக, பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி இருந்தது. தரையில் தட்டினால் கரிசல் மண் பொலபொலவென்று கொட்டியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சோப்புத்தூளில் ஊற வைத்து, அலசி, நன்றாகப் பிழிந்துவிட்டேன். அது துணி இல்லை, காகிதம் என்று பிழிந்த பிறகுதான் தெரிந்தது. கையில் இருந்தது இட்லி மாவு பதத்தில் ஏதோ ஒன்று.

கடைக்குப் போய் வேறு வாங்கி வந்திருக்கலாம். ஆனால் என் பையில் பூப்போட்ட லைனிங் துணி இருந்தது, வீட்டில் அத்தையின் தையல் மிஷின் இருந்தது. அளவெடுத்து, இரண்டு மடிப்பாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். சத்தம் கேட்டு ஜெசிந்தா வந்தாள்.

"என்ன தைக்கீங்க?"

"உங்கப்பா வண்டிக்கு மாஸ்க்."

"நாளைக்கி எனக்குப் பரீச்ச. அந்த வண்டியில கை வைக்காதீங்க."

"வச்சாச்சி" என்றேன் பெருமையாக.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டி முன்பைவிடச் சீறிக்கொண்டு பறந்தது. இத்தனை நாள் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது, நாம்தான் காப்பாற்றியிருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமா வேதப்புத்தகத்தோடு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மாப்ள, வண்டியப் பாத்துக்கிடுங்க" என்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, "புள்ளையையும்" என்றார்.

தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கலெக்டரே வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். நேரம் நிறையவே இருந்தது. இருந்தும், வண்டி பறக்கிறதே என்ற மிதப்பில் தார் ரோட்டை விட்டுக் குறுக்கே மண்பாதையில் இறக்கினேன். மழைக்கு முந்தி விதைப்பதற்காக இரண்டு பக்கமும் டிராக்டர்கள் உழுதுகொண்டிருந்தன. கரிசல் புழுதி முகப்பவுடர் மாதிரி நைசாக இருக்கும். கண்ணுக்குள், காதுக்குள், டிபன் பாக்ஸுக்குள் எல்லாம் போகும். கவுன் லைனிங் அதற்கு எம்மாத்திரம்?

பாதி தூரத்தில் வண்டி முதல் தடவை இருமியது.

"என்ன சத்தம்?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்ல, ரோடு சரியில்ல."

அடுத்து விக்கியது. பிறகு முழுசாக நின்றது. உதைத்தேன், உதைத்தேன், சட்டை நனையும் வரை உதைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் என் பூப்போட்ட ஃபில்டரைக் காணோம். எஞ்சின் அதை உறிஞ்சி, கார்பரேட்டர் வாயில் பாதியை விழுங்கி வைத்திருந்தது. எலாஸ்டிக் மட்டும் வெளியே தொங்கியது. பிடித்து இழுத்தேன். பூவெல்லாம் கறுப்பாகியிருந்தது.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பம் என்ன செய்யுததா உத்தேசம்?"

ஃபில்டர் இல்லாமலே ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது. ஆனால் இப்போது எஞ்சினுக்கும் புழுதிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. முன்னால் ஒரு டிராக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, என் வண்டி அத்தனையையும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. உள்ளே ஆட்டுரலில் மணல் ஆட்டுகிற சத்தம். பின்னால் வெள்ளைப் புகை. மாதாவே, மெயின் ரோடு வரைக்குமாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மெயின் ரோடு தெரிந்தபோது, டொக்கென்று ஒரு சத்தம். அதன்பிறகு கிக்கர் அசையவே இல்லை.

ஜெசிந்தா இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நடை இல்லை, ஓட்டம். அப்போது ஆட்டுக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு சாக்கு, சாக்கிலிருந்து ஒரு குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, பரீச்சையா? ஏறு. குட்டிய மடியில வச்சிக்க." என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க மெதுவா உருட்டிக்கிட்டு வாங்க, அவசரமில்ல" என்றார்.

குட்டியும் ஹால் டிக்கெட்டுமாக அவள் போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வண்டியை மெயின் ரோட்டு டீக்கடையில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டிக் கிடந்தது. அவள் உள்ளே போனாளா, வெளியே நின்று அழுதுவிட்டு எங்காவது போய்விட்டாளா? போனை எடுத்துக் கூப்பிட்டால் அவள் போன் என் பையிலேயே அடித்தது. கம்பிக்குள் நின்ற வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, கடேசியா ஆட்டுக்குட்டியோட ஒரு பொண்ணு வந்துச்சா?"

"வந்தாவ. அவியள உள்ள விட்டாச்சி. குட்டிக்கி ஹால் டிக்கெட் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டோம்."

அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். சிரித்தேனா அழுதேனா என்று வாட்ச்மேனுக்குக் குழப்பம். நான் அழத்தான் செய்தேன்.

வெளியே வந்த ஜெசிந்தா என்னைத் தாண்டி நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் மெக்கானிக் வண்டியின் எஞ்சினைப் பிரித்தபோது மாமா பக்கத்தில் நின்றார். பிஸ்டன் முழுக்கக் கீறல், அடியில் கறுப்பாகச் சேறு. மாமா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள, நல்ல மண்ணு. உளுந்து போட்டா முளைக்கும்" என்றார். அதற்குப் பதில் அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ். இப்போது அவள் தாலுகா ஆபீஸில் இருக்கிறாள். வேலை கிடைத்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, இந்தத் தடவை மட்டும் எப்படிக் கை நடுங்காமல் எழுதினாய் என்று கேட்டார்கள்.

"இவிய மேல இருந்த கோவத்துல பயப்படவே மறந்துபோச்சி" என்றாள். "பேனாவ இவிய கழுத்துன்னு நெனச்சிப் பிடிச்சேன். நடுங்கவே இல்ல."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை. போன மாதம் மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், பாப்பாவுக்கு நாளைக்கி பரீச்ச. ரொம்பப் பயப்படுதா. கொஞ்சம் வந்து அவ சைக்கிள ரிப்பேர் பாத்துட்டுப் போறீங்களா?"