டெய்லர் கடிக்காத நூல்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் பல்லு அத்தனையும் கொட்டிப் போகட்டும்.

ஒரு டெய்லர். மெஷினு முன்னறையில, பொண்டாட்டி பின்னறையில, வாய்நாத்தம் ரெண்டு அறையிலயும். பல்லு வெளக்க ஆளுக்கு அவ்வளவு அலுப்பு. காலையில குழாயைத் தொறந்து விடுவாரு. பிரஷ்ஷை நனைப்பாரு. பேஸ்ட்டை விரல்ல தொட்டு உதட்டுல தடவுவாரு. ‘க்காஆ... த்தூ!’ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி ஒரு காறல். வேலை முடிஞ்சுது.

"நல்லா வெளக்குனீங்களா?"

"பல்லு தேஞ்சே போச்சுடி!"

ஒரு செவ்வாக்கிழமை கடவாப்பல்லு தெறிக்க ஆரம்பிச்சுது. வாய்க்குள்ள யாரோ மெஷின் ஓட்டுற மாதிரி வலி. பொண்டாட்டிகிட்ட சொன்னா, பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருவா. அங்க வாயைத் தொறந்தா இத்தனை நாள் திருட்டுத்தனமும் வெளிய வந்துரும். மனுஷன் மூச்சு விடல.

"என்னங்க, ஒரு பக்கம் கன்னம் ஊதியிருக்கு?"

"சதை போடுதுடி. உன் சமையல் அப்படி."

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கவனிச்சிருக்கணும், விட்டுட்டாரு. இன்னொண்ணையும் விட்டுட்டாரு. இருபது வருஷமா நூலைப் பல்லாலயே கடிச்சு அறுக்கிற ஆளு. அன்னைக்கு மட்டும் தையலுக்குத் தையல் ‘நறுக், நறுக்’னு கத்தரிக்கோல் சத்தம். பின்னறையில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தவ காது அப்படியே நிமிந்துது.

மறுநாள் வந்தா. "என்னங்க, தெருமுனை பல் டாக்டரம்மாவுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கணுமாம். அளவெடுக்க வரச் சொன்னாங்க. நானும் கூட வர்றேன்."

டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா கெளம்பிட்டாரு.

"அந்த நாற்காலியில உக்காருங்க டெய்லர், எப்படி வேணும்னு சொல்றேன்."

உக்காந்தாரு. நாற்காலி பின்னால சாஞ்சுது. தலைக்கு மேல லைட்டு எரிஞ்சுது.

"வாயைத் தொறங்க."

"கோட்டுக்கு எதுக்கும்மா வாயி?"

"கோட்டு எனக்கு. வாயி உங்களுது. தினமும் வெளக்குறீங்களா?"

"ரெண்டு வேளை!"

பொண்டாட்டி பையிலருந்து பிரஷ்ஷை எடுத்தா. "டாக்டரம்மா, ஒண்ணாந்தேதி இவரு நூலையே எடுத்து இந்த நாரைச் சுத்தி முடிச்சுப் போட்டேன். இன்னைக்கு இருபத்திமூணு. நீங்களே பாருங்க."

அவரு நூலேதான். ஒரு இழை அசையல.

பல்லு போச்சு. மானமும் கூடவே போச்சு. இப்ப தினமும் புது முடிச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு அது அவுந்தாத்தான் காப்பி. கத்தரிக்கோலால வெட்டிரலாமேங்கிறீங்களா? கத்தரிக்கோல் இப்ப அவ இடுப்புல. சட்டையில தொங்குற நூலை வெட்டக்கூட டெய்லரு பின்னறை வாசல்ல போயி, "அம்மா தாயே"ன்னு நிக்கணும்.

சரி, கதை கேட்டாச்சுல்ல? கூலியை எடுங்க. ஆளுக்கொரு மிட்டாய். மெத்துன்னு இருக்கிறதாப் பாத்துக் குடுங்க, எனக்கும் பல்லு முப்பத்தொண்ணுதான் இருக்கு.