டயருக்கும் சக்கரத்துக்கும் சமரசம்

அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. இடம் கிடைத்த கார்களுக்கோ டயரில் காற்றில்லை.

எல்லாம் அலுமினியச் சக்கரம் போட்ட வண்டிகள். காலையில் நிரப்பினால் மறுநாள் சப்பையாகிவிடும். டயரை மாற்றினார்கள், வால்வை மாற்றினார்கள். கடைசியில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு, தெருக்கோடியில் திரை கட்டிக் குறை தீர்த்துவந்த மூச்சு ஐயாவிடம் வந்தார்கள்.

மூச்சு ஐயா காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். சக்கரத்துக்கும் டயருக்கும் மனஸ்தாபம். அலுமினியத்துக்கு ரோஷம் அதிகம், ரப்பரோ வாய்த்துடுக்கு. சேர்ந்து வாழப் பிடிக்காமல் காற்றை வெளியே தள்ளுகின்றன.

"இந்தச் சக்கரம் எப்போ பொறந்தது?" என்று வரிசையில் முதலில் நின்ற பல் டாக்டரைக் கேட்டார்.

"பில்லு வீட்ல இருக்கு, ஐயா."

"பரவால்ல. அதுகிட்ட மன்னிப்பு கேளுங்க."

ஊருக்கே பல் பிடுங்கும் மனிதர் சக்கரத்தின் முன் மண்டியிட்டு, "இனிமே குழியில விடமாட்டேன்ப்பா" என்றார். பிறகு சக்கரம் திரைக்குப் பின்னால் போனது. உள்ளே கடகடவென்று சத்தம்.

"அழுவுது. மனசு இளகுது," என்றார் ஐயா.

உப்பிய டயரோடு சக்கரம் வெளியே வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: காற்றை அளந்து பார்க்கக் கூடாது. சந்தேகப்பட்டால் மறுபடியும் பிரிந்துவிடும். பிரிந்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அன்று ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண்ணும் வரிசையில் நின்றாள். முந்தின வாரம் அவள் வண்டி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. பிரசவ வலியில் வந்தவள் நடுரோட்டிலேயே பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆம்புலன்ஸ்காரியை இங்கே இழுத்து வந்தவன் அவளுடைய கணவன். அவன் கேட்டதற்காக வந்தாளே தவிர, கையோடு ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள்.

சமரசமாகி வந்த தன் வண்டிச் சக்கரத்தைப் படுக்கப்போட்டு, டயர் சக்கரத்தோடு சேரும் விளிம்பைச் சுற்றி ஊற்றினாள். குமிழ் குமிழாக நுரை கிளம்பியது.

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் ஐயா.

"மூக்குல இருந்து வருதே, ஐயா," என்றாள் அவள்.

எதிர்க் கடை டயர்க்காரரைக் கூப்பிட்டு அங்கேயே டயரைக் கழற்றச் சொன்னாள். விளிம்பெல்லாம் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மேலே பழைய ரப்பர்த் துணுக்குகள் வேறு.

"இது மேல எந்த டயரை மாட்டினாலும் ஒட்டி உக்காராது. சந்துல காத்து போகத்தான் செய்யும்," என்றாள்.

டயர்க்காரர் பிரஷ்ஷால் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்து, வழவழப்பானதும் துடைத்து, விளிம்பில் பசை தடவி டயரை மாட்டினார். காற்று பிடிக்கத் தன் கடைக்குத் திரும்பப் போனவரை அவள் நிறுத்தினாள். "அவ்ளோ தூரம் எதுக்குண்ணே? இங்கயே இருக்கு."

திரையை இழுத்தாள். உள்ளே காற்றடிக்கும் மெஷின் ஒன்று கடகடவென்று அழுதுகொண்டிருந்தது.

அதிலேயே காற்றை நிரப்பி மறுபடி சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு குமிழ்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மூச்சு ஐயாவும் இல்லை. பின்வாசல் வழியாகக் காற்றோடு காற்றாகப் போயிருந்தார்.

கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. பல் டாக்டர்தான் முதலில் நகர்ந்தார். வாளியருகே வந்து பயபக்தியோடு கையேந்தினார்.

"அம்மா, அந்தத் தண்ணியில கொஞ்சம் குடுங்க. தலையில தெளிச்சுக்கறேன்."

அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. முதல் ஆள் அவள் கணவன்.

அவள் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். "தலைக்கு வெளிய ஊத்தி என்னங்க பிரயோஜனம்? உள்ள இருக்கறத ஒரு தடவ ஓட்டிப் பாருங்க."