நாயிடம் தோற்ற கணக்கு டீச்சர்

கணக்கில் என்னைத் தோற்கடித்தவர்கள் பலர். ஆனால் ஒரு கூடாரமே கூடிப் பார்க்கத் தோற்கடித்தது ஒரு நாய்தான்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரே மாதம் ஆகியிருந்தது. ராயப்பேட்டைப் பக்கம் சர்க்கஸ் வந்தது. எட்டாம் வகுப்பை மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கு. லஸ் முனையிலிருந்து நாற்பது பெண்களும் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள். நான் கிட்டத்தட்ட ஓடினேன். (யானையை முதலில் பார்த்துவிட வேண்டுமே!)

யானை பந்து உதைத்தது. கரடி சைக்கிள் ஓட்டியது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூட வந்த தலைமையாசிரியை சிஸ்டர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பிறகு வந்தது ராணி. வெள்ளைப் பொமரேனியன், கழுத்தில் சிவப்பு ரிப்பன். கணக்குப் போடும் நாயாம்! விடை எத்தனையோ அத்தனை முறை குரைக்குமாம். சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கோத்து பரிசாம்.

"யாரு வேணா கணக்கு கேக்கலாம்!" என்றார் அதன் மாஸ்டர்.

"எங்க டீச்சர்! எங்க டீச்சர்!" என்று நாற்பது குரல்கள்.

மாஸ்டர் விரலால் சைகை காட்டுவார் என்று என் தம்பி சொல்லியிருந்தான். இன்று குட்டை உடைத்துவிடுவது என்று வட்டத்துக்குள் இறங்கினேன்.

"நீங்க கையைப் பின்னால கட்டிக்கணும்" என்றேன், வகுப்பில் சொல்வது போலவே. கட்டிக்கொண்டார்.

பன்னிரண்டில் பாதி, அதோடு இரண்டு, விடை எட்டு. இப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். வாய் திறந்த நொடியில், நாயை ஏமாற்றுவதற்காக இரண்டை மூன்றாக்கிக் கேட்டேன். விடையை மாற்ற மறந்துபோனேன்.

ராணி ஒன்பது முறை குரைத்து நிறுத்தியது.

"தப்பு!" ஒரு குதி குதித்தேன். "எட்டு! பிஸ்கோத்து குடுக்காதீங்க!"

ராணி என்னையும் பிஸ்கோத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"இன்னாமா டீச்சரு! நாயி கரீட்டாத்தானே சொல்லிச்சு? பிஸ்கோத்த குடும்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

மனதுக்குள் மறுபடி போட்டேன். ஆறும் மூன்றும்... ஐயையோ!

அதற்குள் என் பெண்களே "ராணி! ராணி!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டரும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களே குடுங்க டீச்சர், அதுக்கு மனசு ஒடைஞ்சிடும்" என்று மாஸ்டர் பிஸ்கோத்தை என் கையில் திணித்தார். மண்டியிட்டு நீட்டினேன். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று முறை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வாங்கியது.

திரும்பும்போது மாஸ்டர் காதோடு சொன்னார்: "விரல்ல ஒண்ணுமில்ல. நாக்கால மெல்ல ஒரு சொடுக்கு, அது நிறுத்திடும். பொழைப்பு டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஆக, கணக்குப் போட்டது அவர்தான்! ஆனால் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே! (இத்தனை வருஷம் காப்பாற்றினேன். போதும்.)

மறுநாள் கரும்பலகையில் விடை எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து மெல்ல ஒரு "வள்". அது பள்ளியோடு நிற்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. என் எழுபதாவது பிறந்தநாளில் பேரப்பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நின்று என் வயதைக் குரைத்தே எண்ணினார்கள். அறுபத்தொன்பதில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"வள்" என்றேன்.