தறிக்குப் பின்னால் அப்பா

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அப்பாவும் நலம்தான். ஆனால் அவருடைய நலத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்பாவை ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஈரம் இருக்கிறது அக்கா, வழிதான் இல்லை. வெளிநாட்டு ஓட்டல் ஒன்றின் கூடத்துக்கு ஒரே கம்பளம் வேண்டும், இவ்வளவு அகலத்துக்குத் தறி போட இந்தத் தெருவில் ஒரு வீடும் தேறாது என்று ஏற்றுமதி கம்பெனி ஏஜெண்ட் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகத் தறி எழும்பி நின்றது. வீடு இரண்டாகப் போயிற்று. முன்பாதியில் வாசலும் அடுப்பும் நாங்களும், பின்பாதியில் குளியலறையும் அப்பாவின் கட்டிலும். கட்டிலை முன்னால் போடுகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கம்பளத்தோட முதுகப் பாத்தாத்தான்டா நெய்யறவனோட வண்டவாளம் தெரியும். நான் பின்னாடியே இருக்கேன்" என்றார். தறியின் கீழ் உருளைக்கும் தரைக்கும் நடுவே குனிந்து போகிற அளவுக்குச் சந்து இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

நெய்து முடித்த கம்பளத்தைக் கீழ் உருளையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். சுற்றச் சுற்ற உருளை பருக்கும், உருளை பருத்தால் சந்து சுருங்கும் என்பது மட்டும் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. முதலில் குனிந்து போனோம், பிறகு தவழ்ந்து போனோம், பிறகு மல்லாந்து படுத்து ஊர்ந்தோம். நான் இப்போது பக்கத்து வீட்டில் குளிக்கிறேன். என் வீட்டுக்காரி ஒருத்திதான் மூச்சை வெளியே விட்டுவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு போய் வருகிறாள். சந்து அடைவதற்குள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்றதற்கு, இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு உடைந்த மனுஷனை அந்தச் சந்தில் இழுக்க முடியுமா, நீயே சொல்.

டாக்டரை அழைத்து வராமல் இல்லை. அவருக்கு உடம்பு கனம், சந்தில் தலை மட்டும்தான் போயிற்று. நாங்கள் உட்கார்ந்து நெய்கிற பலகையில் ஏறி நின்று, மேலே இன்னும் நெய்யாத பாவு நூலை விரலால் விலக்கி, "பெரியவரே, எங்க வலிக்குது?" என்று கேட்டார். அப்பா, "மொதல்ல நூல்ல இருந்து கைய எடுங்க டாக்டர், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கும்" என்றார். இடுப்பைப் படம் எடுக்க வேண்டும், நெஞ்சில் சளி வேறு கட்டியிருக்கிறது, வெளியே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அத்தானின் யோசனைகளுக்கு என் நன்றியைச் சொல்லவும். சுற்றியதைப் பிரித்தால் பாவு தொய்ந்து ஓரம் கோணிவிடும். பின்வாசல் இல்லாத வீடு, பின்சுவரை இடிக்கலாம் என்றால், செங்கல்லில் கை வைத்தால் கூரையும் சேர்ந்து வரும் என்கிறார் கொத்தனார். அறுத்துத் தொலை என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். தறியும் நூலும் கம்பெனியுடையது. பாதியில் அறுத்த கம்பளம் கால் துடைக்கக்கூட ஆகாது, அப்புறம் எந்தக் கம்பெனியும் எங்கள் வாசலை மிதிக்காது. அப்படியும் மனசு கேட்காமல் அப்பாவிடம் கேட்டேன். "கத்தரியத் தொட்ட, அதோட நீ யாரோ நான் யாரோ" என்றார்.

சரி, சீக்கிரம் முடிக்கலாம் என்றால் அவர் விட்டால்தானே. படுத்தபடியே, "அந்த மூணாவது பூவுல ஒரு முடிச்சு தாண்டியிருக்கு, பிரி" என்று குரல் வரும். பிரித்தால் ஒரு நாள் வேலை போயிற்று. "அப்பா, நீங்க ஒவ்வொரு தப்பா கண்டுபிடிச்சா நீங்க வெளிய வர்றதுதான் தள்ளிப்போவுது" என்றேன். "அதுக்காக? தப்போட வெளிய வரச் சொல்றியா?" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் ஏஜெண்ட் வந்து தடவிப் பார்த்துவிட்டு பேஷ் என்றார். பின்னாலிருந்து இருமல் கேட்டது. யார் என்று விசாரித்தார், அப்பா என்றேன். "கம்பளத்து மேல இருமாம பாத்துக்கோங்க. அங்க எல்லாம் சுத்தம் பாப்பாங்க" என்று சொல்லி, முதுகுப்பக்கம் தைக்கச் சொல்லி ஒரு துணிச்சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். 'ஒரு குடும்பத்தின் அன்பால் நெய்யப்பட்டது' என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஓட்டலில் அதைப் புரட்டிப் பார்க்கிறவன் படித்துவிட்டு உருகுவான் போலிருக்கிறது.

ஆனால் நேற்றிலிருந்து நல்ல முன்னேற்றம். அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை, ராத்திரிக் கஞ்சிகூட வேண்டாம் என்று தூங்கிவிட்டார். இன்று காலை சிவப்புக்குப் பதிலாகக் கருஞ்சிவப்பு ஒரு வரிசை போய்விட்டது, அதற்கும் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தேறிவிட்டது என்று வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இன்னும் ஒரு முழம்தான் நெய்யப் பாக்கி. ஆகவே நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். முடித்ததும் நானே அப்பாவை வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குப் பழகிப்போன தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வீட்டுக்காரி மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனாள். அந்தப் பக்கம் போனதும் அழவில்லை, கத்தரியை எடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அப்பா எப்போது போனார் என்று எங்களுக்குத் தெரியாது அக்கா, உடம்பு சில்லிட்டிருந்தது. கம்பளத்தை நான்தான் அறுத்தேன். இத்தனை நாள் இல்லாத வழி, நாலு வெட்டில் கிடைத்துவிட்டது. மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. உடனே புறப்பட்டு வா. இங்கே என்னைத் திட்ட ஆள் இல்லை, நீயாவது வந்து திட்டு.