மூடியே மருந்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும்.

முதல் சேதி, நாங்கள் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. "மூணு மாசம் இந்தச் சத்து மாத்திரையைச் சாப்பிடுங்க மாமா. அதுக்கப்புறமும் கை கால் தளர்ந்திருக்குன்னு டாக்டர் சொன்னா, பேசாம எங்க வீட்டுக் கீழறைக்கு வந்துடணும்" என்று ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தக் கெடு நேற்றோடு முடிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவை என்னால் திறக்கவே முடியவில்லை. நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். சாவியைத் தொலைத்த பேங்க் மேனேஜரே என் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக இன்னொருவரிடம் போய் நிற்பதா? எந்தப் பக்கம் திருகினாலும் கடகடவென்று சுற்றுகிறதே தவிர, கழல மாட்டேன் என்கிறது. உடைத்திருக்கலாம். ஆனால் உடைக்கிறது திருடன் வேலை. அத்தை பார்த்தால் மானம் போய்விடுமே என்று, காலையும் மாலையும் டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போய், அரை மணி நேரம் திருகு திருகென்று திருகினேன். முதல் வாரம் படிக்குப் படி உட்கார்ந்தேன், மூன்றாம் மாதம் இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

நேற்று டாக்டர், "எங்க, என் கையை அழுத்துங்க பாக்கலாம்" என்றார். அழுத்தினேன். "விடுங்க சார், விடுங்க! சாயந்திரம் ஆபரேஷன் இருக்கு!" என்று அலறினார். நர்ஸ் ஓடி வந்து பிரித்துவிட்டார். அப்புறம் டாக்டர் "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று சிரித்தாரே பார்க்கணும்!

ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை! ஒரு மாத்திரைகூட வாயில் போடாமல் ஜெயித்தேன். மாத்திரையில் ஒரு மண்ணும் இல்லை, சத்தெல்லாம் மூடியில்தான். கீழறையில் நீங்கள் தாராளமாகச் சைக்கிளை நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியை விட்டு இறங்காத மாமா

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அழுத்தித் திருகணும்னு மூடி மேலேயே போட்டிருக்கே" என்று ஒரே திருகில் திறந்துவிட்டாள். உள்ளே அத்தனையும் சட்டைப் பொத்தான். நான் குளிக்கப் போகும் நேரமெல்லாம் தினம் ஒரு மாத்திரையை எடுத்துத் தின்றுவிட்டு, சத்தம் குறையாமலிருக்க ஒரு பொத்தானைப் போட்டு வைத்திருக்கிறாள். "மாத்திரையிலயா ஒண்ணும் இல்ல? எங்க, கையைக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன்.

இதை இடது கையால் எழுதுகிறேன்.