டைனோசரைக் கடித்துப் பார்த்த விமர்சனம் அண்ணன்

மதுரையில் வாய் உள்ளவர்கள் எல்லாருமே வியாபாரிகள்தான். ஆனால் அந்த வாயாலேயே தன் வியாபாரத்துக்கு வேட்டு வைத்து, அதிலும் ஜெயித்துக் காட்டிய ஒரே மனிதர் விமர்சனம் அண்ணன். சந்தேகம் இருப்பவர்கள் விளக்குத்தூண் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். அவருடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சம்பளப் பட்டுவாடா அன்றைக்குக்கூட முதலாளி "விமர்சனம்" என்றுதான் கூப்பிடுவார், அவரும் எழுந்து போய் வாங்கிக்கொள்வார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், டிகிரியை முடித்துவிட்டு வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, அங்கே ஒரு பெரிய ஃபேன்சி ஸ்டோரில் நான் சேல்ஸ்மேனாக நின்றேன். என் பக்கம் பிளாஸ்க், டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில். எதிரே பொம்மை கவுண்டர், அதில் விமர்சனம் அண்ணன். ஐம்பதைத் தொட்ட வயது, முறுக்கிய மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பார்த்தால் போலீஸ் இலாகாவில் இருந்து தப்பி வந்தவர் மாதிரி இருப்பார். அப்படிப்பட்டவர் ரப்பர் வாத்து ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததுதான், வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கண்ட முதல் காட்சி.

"பிள்ளை வாங்குனதும் மொதல்ல என்ன செய்யும்? வாயில வைக்கும். அதான் நான் வச்சுப் பாக்குறேன்" என்றார், வாத்தை எடுக்காமலே.

அதுதான் அவர் தொழில் செய்யும் முறை. புதுப் பொம்மை வந்தால் குழந்தை என்னென்ன அநியாயம் செய்யுமோ அத்தனையையும் முதலில் அவர் செய்து பார்ப்பார். கடிப்பார், கவுண்டரில் இருந்து தள்ளிவிடுவார், வாலைப் பிடித்து இழுப்பார், தண்ணீர்ச் சொம்பில் முக்குவார். பிறகு கேட்கிற வாடிக்கையாளரிடம் குறையை முதலில் சொல்வார். நல்லது ஏதாவது மிச்சம் இருந்தால் பின்னால் வரும்.

பீப்பீ ஊதல் கேட்டு வந்த ஒரு தாயிடம், "பிள்ளைக்கு நல்லா இருக்கும் தாயி, உங்களுக்குத்தான் நல்லா இருக்காது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பேரையூரில் இருந்து பேரனுக்காக பேட்டரி ரயில் வாங்க வந்தவரிடம், இது வாரத்துக்கு ஒரு ஜோடி பேட்டரி தின்னும், அதற்காக வாராவாரம் மதுரைக்கு பஸ் ஏறுவீர்களா என்று விசாரித்து, கடைசியில் ஒரு பந்தைக் கொடுத்து வழியனுப்பி வைத்தார். முதலாளிக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதே பேரையூர்க்காரர் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கி, "அந்த மீசைக்காரர் எங்க?" என்று கேட்டபோது எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

இந்த வாயால் அவர் ஏற்கெனவே மூன்று கடைகளில் வேலையை இழந்தவர். குடைக் கடையில், இந்தக் குடை வெயிலுக்குச் சரி, மழைக்கு ஆகாது என்றார். இனிப்புக் கடையில், லட்டு எப்போது பிடித்தது என்று யாரும் கேட்காமலே சொன்னார். கட்டில் கடையில் புதுமணத் தம்பதியிடம் என்ன சொன்னார் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. சொந்த அக்காள் மகனுக்குப் பெண் பார்க்க வாடிப்பட்டிக்குப் போன இடத்திலும், பையன் நல்லவன்தான், ஆனால் குறட்டை விடுவான், நீங்கள் கேள்விப்பட்ட சம்பளத்தில் பாதிதான் வாங்குகிறான் என்று பஜ்ஜித் தட்டு வருவதற்குள் போட்டு உடைத்தார். அக்காள் அங்கேயே அழுதுவிட்டாள். பெண்ணின் அப்பாவோ, இவ்வளவையும் முதலிலேயே சொல்கிற வீட்டில் இனி மறைக்க ஒன்றும் இருக்காது என்று சொல்லி உடனே தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார்.

எங்கள் முதலாளி சௌராஷ்டிரக்காரர். நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. சாதாரணக் கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். நிஜமான கோபம் என்றால் வீட்டு மொழிக்கு மாறிவிடுவார். எங்களில் ஒருவருக்கும் அது புரியாது. விமர்சனம் அண்ணன் மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி, "சரிதான் மொதலாளி, ஆனா நீங்க சொல்றதுல ஒரு குறை இருக்கு" என்பார்.

அந்த வருஷம் முதலாளி மகளைக் கட்டிக்கொடுத்தார். புது மாப்பிள்ளை கடையைப் பார்த்துக்கொள்ள வந்தார். சாதுவான ஆள், மாமனாருக்கு எதிரே உட்காரவே கூசுவார். அவர் சென்னை போய் முதன்முதலாகத் தன் பொறுப்பில் வாங்கி வந்ததுதான் ரோபோ டைனோசர். பச்சை நிறப் பிளாஸ்டிக் டைனோசர். வாலை மடக்கி, கையை இழுத்து, தலையை நெஞ்சுக்குத் தள்ளினால் ரோபோ. திரும்பச் செய்தால் டைனோசர். பேட்டரி கிடையாது, சத்தம் கிடையாது. அவ்வளவுதான் பொம்மை. ஆனால் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளில் கடையின் பின்கட்டு நிறைந்து, மிச்சம் மாடிப்படி வரைக்கும் ஏறி நின்றது. எங்களுக்கு டிபன் பாக்ஸ் வைக்க இடமில்லை.

முதலாளி ஒரு பெட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு நேராகப் பொம்மை கவுண்டருக்கு வந்தார்.

"இங்க பாரு. இதை நீ கடிக்க வேணாம், எறிய வேணாம், முக்க வேணாம். வர்றவகளுக்கு எடுத்துக் குடு. இந்தச் சாமானைப் பத்தி ஒரு வார்த்தை பேசுன, மறுநா கடைக்கு வராத."

விமர்சனம் அண்ணனின் மகள் அப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதில் நாலாவது கடையையும் விட்டால் ஐந்தாவது கடைக்காரன் ஏன் கூப்பிடப் போகிறான்? அதை யோசித்திருப்பார். வாயை மூடிக்கொண்டார். முதலாளி நிம்மதியாகக் கல்லாவுக்குப் போனார். அவர் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வந்து மாட்டியவர் டீச்சரம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை, ஐந்து வயதில் ஒரு மகன். விமர்சனம் அண்ணனைக் கேட்காமல் ஒரு பலூன்கூட வாங்க மாட்டார்.

"அண்ணே, இந்த டைனோசர் எப்படி?"

விமர்சனம் அண்ணன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

உடைந்துவிடுமா என்று கேட்டார் டீச்சரம்மா. ஃபேன். பெயிண்ட் கையில் ஒட்டுமா என்று கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் டீச்சரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பொம்மையை இரண்டு விரலால் கவுண்டரில் திரும்ப வைத்தார், மகனின் கையை முந்தானையால் துடைத்தார், அவனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி கீழவாசலைத் தாண்டிவிட்டது. ஊதலில் இருந்து உருட்டு வண்டி வரைக்கும் குறை சொல்கிற மனுஷன், இந்த ஒரு சாமானைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை என்றால் அதில் என்ன கோளாறு இருக்கும் என்று ஆளாளுக்குக் கற்பனை செய்தார்கள். அதன் வாயில் ஒரு பிள்ளையின் விரல் மாட்டிக்கொண்டதாம் என்றார் டீக்கடைக்காரர். ராத்திரியில் அதுவாகவே ரோபோவாக மாறுகிறதாம் என்றார்கள் பூக்கடையில். ஒருவர் என் கவுண்டருக்கே வந்து, "அண்ணே, பிளாஸ்க்கைப் பத்தி அவரு ஏதாச்சும் பேசுறாரா?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணத்தை எடுத்தார்.

வாரம் முடிந்தது. ஒரு டைனோசர்கூடப் போகவில்லை. புது மாப்பிள்ளை மாடிப்படியில் தன் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே கன்னத்தில் கை வைத்து நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. முதலாளி இரண்டு மொழிகளிலும் திட்டி முடித்துவிட்டு, கடைசியில் பொம்மை கவுண்டருக்கு வந்தார்.

"சரி, பேசித் தொலை."

"இன்னும் பாக்கலையே மொதலாளி. பாக்காம எப்பிடிப் பேச?"

"பாரு. ஆனா ஒண்ணு. நீ பேசியும் இது போகலைன்னா, இந்தப் பெட்டியெல்லாம் திரும்புற லாரியிலயே நீயும் ஏறிக்க."

அன்று முழுக்க விமர்சனம் அண்ணன் டைனோசரோடு மல்லுக்கட்டினார். அதன் முதுகில் அவருடைய பல் பதிந்தது. சொம்பில் இருந்து எடுத்து, தலைகீழாகப் பிடித்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நான் மெதுவாக அவர் பக்கம் போய், "அண்ணே, இந்த ஒரு தடவை நல்லதை மொதல்ல சொல்லிருங்க" என்றேன். உண்மையிலேயே பயமாக இருந்தது எனக்கு. அவர் என்னை ஏதோ ஓட்டை பிளாஸ்க்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் டீச்சரம்மாவுக்கு ஆள் விட்டார். அவர் மகனோடு வந்தார். கூடவே ரோபோவாக மாறுகிற பேயைப் பார்க்க பூக்கடை, டீக்கடை எல்லாம் வந்து கவுண்டரை மொய்த்தது. முதலாளி கல்லாவில் இருந்து எழுந்து நின்றுகொண்டார். விமர்சனம் அண்ணன் டைனோசரை ரோபோவாக்கி நடுவில் வைத்தார். அது மல்லாக்க விழுந்தது.

"மொதல்ல குறை" என்றார். "நிக்காது. வாலெல்லாம் முதுகுல பாரமா இருக்கு, செவத்துல சாச்சுத்தான் வைக்கணும். கண்ணுல ஒட்டியிருக்க ஸ்டிக்கரு ஒரு வாரம் தாங்காது. பல்லு கொய்யா வெதை மாதிரி இருக்கு, எந்தப் பிள்ளையும் பயப்படாது. பத்து வயசுப் பையனுக்கு வாங்கிட்டுப் போனா அரை மணி நேரத்துல தூக்கிப் போட்டுருவான், என்னைத் திட்டாதீக."

மாப்பிள்ளை மாடிப்படியில் ஒரு படி மேலே ஏறி மறைந்துகொண்டார்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் டீச்சரம்மா. அண்ணன் பொம்மையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார். வால் தனியாக உருண்டு என் பிளாஸ்க்குகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டார், வீட்டு மொழியில்தான். நான் குனிந்து வாலை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை டொக்கென்று மாட்டினார்.

"கழலும். ஒடையாது."

பிறகு பொம்மையை டீச்சரம்மாவின் மகனிடம் நீட்டினார். எப்படி என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் புரட்டிப் பார்த்தான், வாலை இழுத்தான், தலையை வெளியே எடுத்தான். டைனோசர் வந்துவிட்டது. மறுபடியும் மடக்கினான், ரோபோ. தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் யாரையும் அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப நல்லது" என்றார் விமர்சனம் அண்ணன், குரலைத் தணித்து. "இம்புட்டு வருஷத்துல இந்தக் கவுண்டர்ல நான் வித்த அம்புட்டுச் சாமானும், பிள்ளை கையில குடுத்த ரெண்டாவது நிமிஷம் 'அம்மா, இதைச் செஞ்சு குடு'ன்னு திரும்பி வரும். இது வரலை பாத்தீகளா. பெரியவுக யாரும் வேணாம் இதுக்கு. சின்னப் பிள்ளை தானாச் செஞ்சு, தானா ஜெயிச்சுக்கிரும். அம்புட்டுத்தான் தாயி இதோட சங்கதி."

டீச்சரம்மா இரண்டு கேட்டார், ஒன்று தங்கை மகளுக்கு. பூக்கடை ஒன்று வாங்கியது. விரல் மாட்டிக்கொண்ட கதையைக் கிளப்பிய டீக்கடைக்காரர் தன் பேத்திக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, ஸ்டிக்கரை நன்றாக அழுத்தி ஒட்டித் தரச் சொன்னார். அடுத்த வாரத்தில் மாடிப்படி தெரிந்தது, அதற்கடுத்த வாரத்தில் எங்கள் டிபன் பாக்ஸுக்கு இடம் கிடைத்தது. மாப்பிள்ளை முதன்முறையாக மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தார்.

முதலாளி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் பழக்கம் இல்லை. ஆனால் ஒரு நாள் காலையில் கடை திறந்தபோது பொம்மை கவுண்டருக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. அந்தக் கடையில் கல்லாவைத் தவிர வேறு எங்கும் ஆசனம் கிடையாது. காலையில் ஷட்டர் தூக்கியதில் இருந்து இரவு இறக்கும் வரை நாங்கள் எல்லாரும் நின்றே கிடப்போம். விமர்சனம் அண்ணன் அதைச் சுற்றி வந்தார், தட்டினார், உட்கார்ந்தார், முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார்.

"மொதலாளி, ஒரு கால் குட்டையா இருக்கு" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

கல்லாவில் இருந்து பதில் வந்தது, எங்களுக்குப் புரியாத மொழியில், வெகுநேரம். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் அவர் கை கழுவப் போன நேரத்தில், ஒரு டைனோசர் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவர் ஆடிப் பார்த்தார். ஆடவில்லை. நாள் முழுக்க நின்று வீங்கிய காலை மெல்ல நீட்டிக்கொண்டார். குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அட்டையிலும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பார், நானும் சந்தோஷமாக வேறு அட்டை தேடிப் போயிருப்பேன்.